சம் மணல்மேட்டில் மாலை வெளிச்சம்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சம் மணல்மேடுகள். டிசம்பரில் 6 மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் படம் எடுக்க 4 மணிக்கே அங்கே இருங்கள். ஒட்டகமும் ஜீப்பும் மிதித்த முன்பகுதியை விட்டு, அரைமணி நேரம் உள்ளே நடந்தால்தான் தடமில்லாத மணல் கிடைக்கும். அங்கேயும் அவசரப்படாதீர்கள். முதல் தடவை நான் நேராக உச்சிக்கு ஏறிப்போய், திரும்பிப் பார்த்தால் படத்தின் நடுவே என் செருப்புத் தடம்! இப்போதெல்லாம் எதை எடுக்கப் போகிறேன் என்று முடிவு செய்த பிறகே கால் வைக்கிறேன்.

சூரியனைப் படம் எடுப்பதை மறந்துவிடுங்கள். அது பக்கவாட்டில் இருக்கும்படி நில்லுங்கள். மேட்டின் முகடு கத்தி விளிம்பு மாதிரி ஒரு பக்கம் தங்கமாகவும் மறுபக்கம் நீலநிழலாகவும் பிரியும். முட்டி போட்டுக் கேமராவைத் தாழ்த்தினால், காற்று வரைந்த விரலகல வரிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிழல் தெரியும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 11. வொயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) ஆட்டோவில் விட்டால் அந்தப் பொன்னிறம் வெளுத்துப்போகும், டேலைட்டில் வையுங்கள்.

லென்ஸை அங்கே கழற்றவே கூடாது. மணல் ஒட்டினால் துணியால் துடைக்காமல் முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், இல்லையென்றால் கீறல் விழும்.

சூரியன் மறைந்ததும் கூட்டம் கிளம்பிவிடும். நீங்கள் இன்னும் இருபது நிமிடம் இருங்கள். அப்புறம் திரும்பி நடக்க டார்ச் வேண்டும்.