அரை கிராம் வெள்ளியில் ஒரு ஜோடி காதணி

காது ஓட்டைக்குள் நுழையும் கம்பி மட்டும் நல்ல வெள்ளியாக இருந்தால் போதும். அதற்குக் கீழே தொங்குவது செம்போ, பித்தளையோ, கண்ணாடி மணியோ, அது உங்கள் இஷ்டம். வெள்ளிக் காதணி செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். முலாம் பூசிய கம்மல் எதைப் போட்டாலும் மறுநாளே காது சிவந்து நீர் வடியும் உடம்பு எனக்கு. அதனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் ஒரு கொக்கிக்கு 5 சென்டிமீட்டர் போதும். ஜோடிக்கு 10 சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் எடை ஏறக்குறைய அரை கிராம்தான். அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையில் பாதி என்று வைத்துக்கொண்டு, கம்பியாக இழுத்த கூலியைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். முலாம் கம்பி வாங்கி மிச்சப்படுத்துவதற்கு இதில் எதுவுமே இல்லை.

கம்பி வாங்கும்போது 925 என்று கேட்டு வாங்குங்கள். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 999 என்று விற்கும் சுத்த வெள்ளி கொக்கிக்கு ஆகாது. அது இளகிய உலோகம், தலையணையில் அழுந்தினாலே வளைந்துவிடும். 'ஜெர்மன் சில்வர்' என்ற பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. பலருடைய காதைப் புண்ணாக்குவதே அந்த நிக்கல்தான். கம்பியின் தடிமனைக் 'கேஜ்' எண்ணால் சொல்வார்கள், எண் கூடக் கூடக் கம்பி மெல்லியதாகும். 20 கேஜ் என்று கேட்டால் 0.8 மில்லிமீட்டர் கொடுப்பார்கள். ஓட்டை சிறியதாக இருப்பவர்களுக்கு 21 கேஜ் சுகமாக இருக்கும். 22-ஐவிட மெல்லியதற்குப் போகாதீர்கள், கொக்கி தொளதொளவென்று ஆகிவிடும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். மூக்கு உருண்டையாக உள்ள குறடு ஒன்று, மூக்கு தட்டையாக, உள்ளே பல் இல்லாமல் வழவழப்பாக உள்ள குறடு ஒன்று, கம்பி வெட்டும் குறடு, நைசான சின்ன அரம், 400, 600, 1000 எண் உப்புத்தாள், ஒரு தடிமனான மார்க்கர் பேனா. பல் உள்ள குறடுதான் வீட்டில் இருக்கிறது என்றால் அதன் மூக்கில் துணி டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெள்ளி முழுக்கத் தழும்பாகிவிடும்.

இரண்டு துண்டுகளையும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு காதணியை முழுசாக முடித்துவிட்டு அப்புறம் அதைப் பார்த்து இன்னொன்றைச் செய்தால் இரண்டும் பொருந்தவே பொருந்தாது. எந்த வேலையானாலும் இரண்டுக்கும் சேர்த்தே செய்து கொண்டு போக வேண்டும். உருண்டை மூக்குக் குறட்டின் மூக்கு அடியில் பருத்து நுனியில் சிறுத்திருக்கும். எந்த இடத்தில் கம்பியைச் சுற்றுகிறோமோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இரண்டு வளையமும் ஒரே அளவில் வரும். கம்பியின் ஒரு முனையைக் கோட்டில் பிடித்துச் சுற்றி, மணி தொங்குவதற்கான சின்ன வளையத்தைப் போடுங்கள். அப்புறம் இரண்டு கம்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வளையத்துக்கு எதிர்ப்புறமாக, மார்க்கர் பேனாவின் மேல் ஒன்றாகவே வளையுங்கள். கொக்கி உருவாகிவிட்டது. பின்னால் தொங்கும் முனையில் கடைசி 3 மில்லிமீட்டரை மட்டும் தட்டைக் குறட்டால் லேசாக வெளிப்பக்கம் சாய்த்துவிட்டால் போடும்போது கழுத்துப் பக்கம் குத்தாது.

இனிமேல் வருவதுதான் முக்கியமான வேலை. அவசரப்படாதீர்கள். வெட்டிய கம்பியின் முனையில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் இருக்கும். காதுக்குள் போகும்போது அது உள்தோலைச் சுரண்டும். "வெள்ளி போட்டும் எனக்குப் புண்ணாகிறது" என்று சொல்கிறவர்களின் கம்மலை வாங்கி நான் முதலில் பார்ப்பது இந்த முனையைத்தான். அரத்தை முனையின் மேல் முன்னும் பின்னும் தேய்க்காமல் ஒரே திசையில் தள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளுக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்புங்கள். தட்டையாக இருந்த முனை உருண்டு வரும். ஊசி மாதிரி கூராகவும் ஆகிவிடக் கூடாது, விளிம்பு மட்டும் மழுங்க வேண்டும். பிறகு 400, 600, 1000 என்று உப்புத்தாளில் வரிசையாக. முடிந்ததா என்று விரலால் பார்க்க முடியாது, விரல் தோல் தடித்தது. கொஞ்சம் பஞ்சை எடுத்து முனையின் மேல் இழுத்துப் பாருங்கள். ஒரு இழைகூடச் சிக்கக் கூடாது. சிக்கினால் மறுபடி உப்புத்தாள்.

அடுத்து விறைப்பு ஏற்ற வேண்டும். வெள்ளியை அடிக்க அடிக்க அது கெட்டிப்படும். வழவழப்பான இரும்புக் கட்டையின் மேல் கொக்கியைப் படுக்க வைத்து, மேல் வளைவில் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். வளைவு கொஞ்சம் தட்டையாகி மினுங்கும், பார்க்கவும் அழகு. காதுக்குள் நுழையும் நேர்ப்பகுதியை மட்டும் இரும்புச் சுத்தியலால் தொடாதீர்கள், அகலமாகி விளிம்பு வந்துவிடும். அங்கே நைலான் சுத்தியலோ மரச் சுத்தியலோ சரி.

தொங்கும் மணிக்கு 24 கேஜ் கம்பி, அதாவது 0.5 மில்லிமீட்டர். முத்துக்களின் துளை பெரும்பாலும் சிறியது, அவற்றுக்கு 26 தேவைப்படலாம். கம்பியின் அடியில் ஒரு குட்டிச் சுருள் போட்டால் மணி நழுவாது, பற்றவைக்கும் வேலை மிச்சம். மணிக்கு மேலே 2 மில்லிமீட்டர் விட்டு மடக்கி, வளையம் போட்டு, அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று சுற்று சுற்றி வெட்டிவிடுங்கள். வெட்டிய நுனியைக் குறட்டால் அமுக்கிவிட மறக்க வேண்டாம், தலைமுடி மாட்டும். கொக்கியின் வளையத்தில் இதைக் கோர்க்கும்போது வளையத்தைப் பக்கவாட்டில் திருகித் திறந்து, அதே வழியில் திருகி மூட வேண்டும். அகட்டி இழுத்தால் வட்டம் திரும்ப வராது. எல்லாம் சேர்த்து ஒரு காதுக்கு 5 கிராமைத் தாண்டினால் நான் மணிகளைக் குறைத்துவிடுவேன். தினமும் போடுவது ஓட்டையை இழுக்கக் கூடாது.

வளையக் காதணி செய்வது இன்னும் சுலபம். விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, கொக்கி மாட்டுவதற்கு ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். 20 மில்லிமீட்டர் வளையத்துக்கு 73. ஒரு முனையில் சின்னக் கண், மறு முனையை மடக்கி அதில் மாட்டினால் ஆயிற்று. திருகுத் தோடு செய்யத் தண்டைப் பற்றவைக்க வேண்டும், நெருப்பு வேண்டும். முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள்.

பழைய நகை மாதிரி கருமை வேண்டுமென்றால் நன்றாக வெந்த முட்டையை நசுக்கி, காதணி அதன் மேல் படாமல், மூடிபோட்ட டப்பாவில் சேர்த்து வையுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக வாயு சில மணி நேரத்தில் வெள்ளியைப் பழுப்பாக்கிக் கருப்பாக்கும். எடுத்துக் கழுவித் துணியால் தேய்த்தால் மேடான இடம் மட்டும் பளபளக்கும், சுருளின் இடுக்கில் கருமை நிற்கும். நாளாகித் தானாகக் கறுத்துப்போனதும் இதே கந்தகத்தின் வேலைதான். அந்தக் கருமையைப் போக்க, கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடாவும் வெந்நீரும் ஊற்றி, வெள்ளி தாளைத் தொடும்படி போட்டால் கந்தகம் அலுமினியத்துக்கு மாறிக்கொள்ளும். முத்தோ கல்லோ இருந்தால் இந்த வழி வேண்டாம், துணியே போதும்.

புதிதாகக் காது குத்தியவருக்குச் செய்து கொடுப்பதாக இருந்தால், புண் முழுதாக ஆறும்வரை பொறுங்கள். ஆறிய பிறகும் முதல் ஜோடியில் மணி எதுவும் கோர்க்காமல் வெறும் சின்ன வளையமாகவே கொடுங்கள்.