சோனி மெயில் லீக்க வச்சு சைட் பிளாக்கிங் பத்தி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைட் பிளாக்கிங், அதாவது திருட்டு படம் போடற சைட்ட நெட் கனெக்ஷன் குடுக்கற கம்பெனி (ஐஎஸ்பி) மூலமா திறக்க விடாம தடுக்கறது, அத பத்தி எங்க பேச்சு ஆரம்பிச்சாலும் யாராவது ஒருத்தர் 2014 சோனி மெயில் லீக்க இழுத்துட்டு வந்துடறாங்க. "ஹாலிவுட் சேர்ந்து இன்டர்நெட்டையே உடைக்க பிளான் போட்டுச்சு, மெயில்லயே இருக்கு"ன்னு ஒரு கோஷ்டி, "அது திருட்டு மெயில், அத வச்சு பேசறவன் எல்லாம் பைரசிக்கு வக்காலத்து வாங்கறவன்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பக்கமும் விஷயத்த பாதில விட்டுட்டாங்கன்னு தான் எனக்கு தோணுது. அந்த மெயில்கள்ல நிஜமாவே முக்கியமான ஒரு சமாச்சாரம் இருக்கு, தப்பா படிச்சா அது கைய விட்டு போயிடும், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்ல நடந்தது என்னன்னு சுருக்கமா. 2014 நவம்பர் 24 அன்னிக்கு சோனி பிக்சர்ஸ் ஆபீஸ்ல கம்ப்யூட்டர ஆன் பண்ணவங்களுக்கு ஸ்க்ரீன்ல ஒரு எலும்புக்கூடு படமும் மிரட்டலும் வந்துச்சு, 'கார்டியன்ஸ் ஆஃப் பீஸ்'னு ஒரு கும்பல் பேர்ல. அப்புறம் தவணை தவணையா ஃபைல்கள வெளிய விட்டாங்க. டிசம்பர் 19 அன்னிக்கு எஃப்பிஐ இதுக்கு வடகொரியா தான் காரணம்னு அறிவிச்சுது. அந்த குவியல்ல அமெரிக்க சினிமா கம்பெனிகளோட சங்கமான எம்பிஏஏ-வும் பெரிய ஸ்டூடியோக்களோட வக்கீல்களும் எழுதிக்கிட்ட மெயில்களும் இருந்துச்சு. அதுல 'கோலியாத்'னு ஒரு பேர் திரும்ப திரும்ப வருது, அது கூகுளைத்தான் குறிக்குதுன்னு டிசம்பர் 12 அன்னிக்கு 'தி வெர்ஜ்' எழுதுச்சு. வருஷத்துக்கு 5 லட்சம் டாலர் வக்கீல் செலவுக்கு ஒதுக்கற பேச்சு கூட அதுல இருந்துச்சு.

இங்க தான் பெரிய தப்பே ஆரம்பிக்குது: மெயில்ல பேசினத எல்லாம் செஞ்சதா எடுத்துக்கறது. வக்கீல்கள் கூடி உக்காந்தா எல்லா வழியையும் பேசுவாங்க, அதுக்குத்தான் அவங்களுக்கு காசு. சைட் பேர அட்ரஸா மாத்தற டிஎன்எஸ் வழியா தடுக்கலாமா, பழைய சட்டத்துலயே இடம் இருக்கா, இறக்குமதி பொருள தடுக்கற சர்வதேச வர்த்தக கமிஷன், அதான் ஐடிசி, அது மூலமா வெளிநாட்டு சைட்ட தடுக்க முடியுமா, இப்டி பல வழிய அலசியிருக்காங்க. இதுல எது நடந்துச்சு, எது மெயில்லயே செத்துச்சுன்னு தனித்தனியா பாக்கணும்.

உதாரணத்துக்கு அந்த ஐடிசி வழி. அதோட தலையெழுத்து தீர்மானமானது சினிமாவுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு பல் கேஸ்ல. கிளியர்கரெக்ட்னு பல்ல வரிசைப்படுத்தற கிளிப் செய்யற கம்பெனி, பாகிஸ்தான்ல டிஜிட்டல் மாடல் தயார் பண்ணி டெக்சாஸுக்கு நெட் வழியா அனுப்புச்சு, அங்க அத பிரிண்ட் பண்ணி கிளிப் செஞ்சாங்க. கேள்வி என்னன்னா, நெட்ல வர்ற டேட்டாவும் இறக்குமதி 'பொருள்' தானா? ஆமான்னு ஐடிசி சொல்லுச்சு, எம்பிஏஏ-வும் அந்த பக்கம் தான் நின்னுச்சு. ஏன்னா டேட்டா பொருள்னு ஆயிட்டா திருட்டு படமும் எல்லை தாண்டி வர்ற பொருள் தான், தடுக்க உத்தரவு கேக்கலாம். 2015 நவம்பர்ல அப்பீல் கோர்ட்டு இல்லன்னு தீர்ப்பு குடுத்துச்சு, கதவு மூடிடுச்சு. இத பாக்காம இன்னிக்கும் "ஐடிசி மூலமா பிளாக் பண்றாங்க"ன்னு எழுதறவங்க, 2014 மெயிலோடவே நின்னுட்டாங்க.

அமெரிக்காவோட மிசிசிப்பி மாநில விவகாரம் அப்படி மெயிலோட முடியல. அந்த மாநில அட்டர்னி ஜெனரல் ஜிம் ஹூட் கூகுளுக்கு எழுதின ஒரு கடிதத்த பெரும்பகுதி எம்பிஏஏ-வோட வக்கீல் கம்பெனியான ஜென்னர் அண்ட் பிளாக் தான் தயாரிச்சு குடுத்துச்சுன்னு 2014 டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல அவர் கூகுளுக்கு 79 பக்க சம்மன் அனுப்பியிருந்தார். அதாவது கசிஞ்ச மெயில் ஒரு திசைய காட்டுச்சு, அதுக்கு வெளிய இருக்கற கடிதமும் சம்மனும் அதே திசையில இருந்துச்சு. 2012-ல பைரசி சைட்ட தடுக்கறதுக்காக வந்த சோபா, பிபா மசோதாக்கள் மக்கள் எதிர்ப்புல அமெரிக்க பாராளுமன்றமான காங்கிரஸ்ல நின்னு போச்சு, அதுக்கப்புறம் அதே மாதிரியான நோக்கத்த ஓட்டெடுப்பு எதுவும் இல்லாம ஒரு மாநில அதிகாரியோட லெட்டர்பேட் வழியா நகர்த்தப் பாத்தாங்க. எனக்கு கோபம் வர்ற இடம் இது தான். சதி, ரகசிய பேர் இதெல்லாம் கேக்க சுவாரசியமா இருக்கும், ஆனா பொதுவுல தோத்த ஒரு வாதத்த மூடின கதவுக்கு பின்னால கொண்டு போனது தான் உண்மையான பிரச்சனை.

அடுத்த தப்பு, தீர்ப்ப பாதியோட நிறுத்தறது. கூகுள் கேஸ் போட்டுச்சு, 2015 மார்ச்ல ஜட்ஜ் ஹென்றி விங்கேட் ஹூட்டுக்கு இடைக்கால தடை போட்டார், எல்லாரும் ஷேர் பண்ணது இத மட்டும் தான். 2016 ஏப்ரல்ல அஞ்சாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்டு அந்த தடைய ரத்து பண்ணிடுச்சு. ஹூட் செஞ்சது சரின்னு அவங்க சொல்லல, அந்த சம்மன மீறினா தானா தண்டனை வராது, ஹூட் கோர்ட்டுக்கு போய் அமல்படுத்த கேட்டா தான் பிரச்சனை, அதுக்கு முன்னாடியே தடை கேக்க முடியாதுன்னாங்க. அதே வருஷம் ரெண்டு தரப்பும் சமாதானம் ஆயிட்டாங்க, அவர் சம்மன விட்டுட்டார், கூகுள் கேஸ விட்டுடுச்சு. ஆக "கோர்ட்டே சட்டவிரோதம்னு சொல்லிடுச்சு"ன்னு எழுதினாலும் தப்பு, "கூகுள் தோத்துச்சு"ன்னு எழுதினாலும் தப்பு.

கூகுள இதுல தியாகி ஆக்கறதும் வேணாம். சோபாவ எதிர்த்தப்பவும் சரி, இந்த கேஸ்லயும் சரி, அவங்க வியாபாரம் தான் அவங்களுக்கு முதல்ல. நம்ம நலனும் அவங்க நலனும் அந்த நேரத்துல ஒரே பக்கம் நின்னுச்சு, அவ்ளோ தான். இன்னொரு பக்கம், படம் எடுக்கறவங்க நஷ்டமும் பொய் இல்ல, முதல் நாளே படம் நெட்ல வந்தா அடி வாங்கறது தயாரிப்பாளர் மட்டும் இல்ல, அத நம்பி இருக்கற விநியோகஸ்தர், தியேட்டர்காரர் எல்லாரும் தான்.

அடுத்து, லீக்ல இருக்கறத எல்லாம் அப்படியே எடுத்து பரப்பறது. இத நான் ரொம்ப சீரியஸா சொல்றேன். அந்த குவியல்ல பாலிசி மெயில் மட்டும் இல்ல, ஆயிரக்கணக்கான ஊழியர்களோட சோஷியல் செக்யூரிட்டி நம்பர், சம்பளம், சில பேரோட மருத்துவ விவரம் வரைக்கும் இருந்துச்சு. 2015 ஏப்ரல்ல விக்கிலீக்ஸ் 1,73,132 மெயில்கள தேடற மாதிரி வசதி பண்ணி போட்டுச்சு. அக்கவுன்ட்ஸ் செக்ஷன்ல வேலை பாத்த ஒருத்தருக்கு கோலியாத்தோட என்ன சம்பந்தம்? அவர் வீட்டு விஷயம் ஏன் நம்ம கைக்கு வரணும்? பொது நலனுக்கான பகுதிய மட்டும் எடுத்து பேசலாம், அதுக்கு அமெரிக்க சட்டத்துலயும் ஆதாரம் இருக்கு. 2001-ல பார்ட்னிக்கி கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு, திருட்டுல பங்கு இல்லாத ஊடகம் பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்த வெளியிட்டா தண்டிக்க முடியாதுன்னு சொல்லியிருக்கு. சோனியோட வக்கீல் டேவிட் பாய்ஸ் டேட்டாவ அழிக்க சொல்லி பத்திரிகைகளுக்கு கடிதம் அனுப்பியும் அவங்க தொடர்ந்து எழுத முடிஞ்சதுக்கு பின்னணி இது தான். ஆனா அந்த பாதுகாப்பு "பொது முக்கியத்துவம்"ங்கற இடத்துல நிக்குது, ஊழியரோட மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு அது வராது.

இப்ப டெக்னிக்கல் பக்கம். சைட் பிளாக்கிங்னா ஒரே வேலைன்னு நினைக்காதீங்க. டிஎன்எஸ்ல தடுத்தா, சைட் பேர கேட்டு அட்ரஸ் தேடும்போது ஐஎஸ்பி இல்லன்னு பொய் பதில் குடுக்கும், யூசர் வேற டிஎன்எஸ் மாத்திட்டா தாண்டிடலாம். ஐபி அட்ரஸ தடுத்தா, அதே அட்ரஸ்ல இருக்கற சம்பந்தமில்லாத நூத்துக்கணக்கான சைட்டும் சேர்ந்து போகும். குறிப்பிட்ட பக்கத்த மட்டும் தடுக்கறது தான் நியாயமான வழி, ஆனா ஹெச்டிடிபிஎஸ் வந்தப்புறம் நீங்க எந்த பக்கம் பாக்கறீங்கன்னு ஐஎஸ்பிக்கே தெரியாது, சைட் பேர் வரைக்கும் தான் தெரியும். 2011-ல டான் காமின்ஸ்கி, பால் விக்ஸி, ஸ்டீவ் க்ராக்கர் மாதிரி டிஎன்எஸ்ஸ கட்டி காத்தவங்களே சேர்ந்து ஒரு அறிக்கை எழுதினாங்க: டிஎன்எஸ் பதில் உண்மையான்னு கையெழுத்து வச்சு சரிபார்க்கற டிஎன்எஸ்செக் முறைய ஒரு பக்கம் கொண்டு வந்துட்டு, இன்னொரு பக்கம் பொய் பதில் குடுக்க சட்டம் போட்டா ரெண்டும் மோதும்னு. அந்த வாதத்துக்கு பலன் இருந்துச்சு. 2012 ஜனவரி 18 சோபாவ எதிர்த்து விக்கிபீடியா கருப்பா போன அன்னிக்கு அந்த மசோதாவுல டிஎன்எஸ் பகுதி இருந்துச்சுன்னு பலர் நினைக்கறாங்க, ஆனா சோபாவ கொண்டு வந்த லாமர் ஸ்மித் அதுக்கு சில நாள் முன்னாடியே அத எடுத்துடறேன்னு சொல்லிட்டார்.

பிளாக்கிங் அளவுக்கு மீறி போனா எப்டி இருக்கும்னு நம்ம ஊர்லயே பாத்துட்டோம். 2012-ல தனுஷ் நடிச்ச '3' படத்துக்காக தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்துல உத்தரவு வாங்கினாங்க, ஆள் தெரியாத எதிராளிகள் மேல போடற, 'அசோக் குமார்' உத்தரவுன்னு சொல்றாங்களே அது. மே மாசம் பாத்தா சில ஐஎஸ்பிகள்ல விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின்னு முழு சைட்டே திறக்கல. சொந்த குறும்படத்த விமியோல போட்டு வச்சிருந்த பையனுக்கும் அதே பிளாக் மெசேஜ் தான். ஜூன் 22 அன்னிக்கு கோர்ட்டே விளக்கம் குடுத்துச்சு, படம் இருக்கற குறிப்பிட்ட லிங்க மட்டும் தான் தடுக்கணும், முழு சைட்ட இல்லன்னு. ஆனா மேல சொன்ன ஹெச்டிடிபிஎஸ் காரணத்தால அந்த லிங்க் அளவு தீர்வு ஐஎஸ்பி லெவல்ல இன்னிக்கு கஷ்டம். அதனால 2019-ல டெல்லி உயர் நீதிமன்றம் வேற கேள்விக்கு போச்சு: இந்த சைட் முழுக்க முழுக்க திருட்டுக்காகவே நடக்குதா? ஆமான்னா முழு சைட்டையும் தடுக்கலாம், வேற பேர்ல திரும்ப முளைச்சா அதையும் பட்டியல்ல சேத்துக்கலாம், டைனமிக் இன்ஜங்ஷன்னு பேர். இதுல நல்லதும் இருக்கு, பயப்பட வேண்டியதும் இருக்கு. ஆனா ஒண்ணு, உத்தரவு வெளிப்படையா இருக்கு, யார் வேணா எடுத்து படிச்சு எதிர்க்கலாம்.

பிரிட்டன்ல 2011-லயே நியூஸ்பின்ங்கற திருட்டு சைட் கேஸ்ல, அத தடுக்க சொல்லி பிடிங்கற ஐஎஸ்பிக்கு கோர்ட்டு உத்தரவு போட்டுடுச்சு, ஆஸ்திரேலியா 2015-ல சட்டமே கொண்டு வந்துச்சு. அதனால "அங்க எல்லாம் நடக்குது, அமெரிக்காவுல மட்டும் ஏன் இல்ல"ன்னு கேக்கறவங்களும், "எங்க நடந்தாலும் சென்சார் தான்"னு சொல்றவங்களும், எந்த நாட்டு சட்டம், யார் கேக்கறாங்க, யார் முடிவு பண்றாங்க, தப்பா தடுத்தா யார்கிட்ட போய் முறையிடறதுன்னு பிரிச்சு பேசணும்.

அமெரிக்காவுல இந்த பேச்சு திரும்ப வந்தாச்சு. எம்பிஏஏ இப்ப எம்பிஏ, அதோட தலைவர் சார்லஸ் ரிவ்கின் 2024 ஏப்ரல்ல சைட் பிளாக்கிங் சட்டத்துக்காக காங்கிரஸோட வேலை செய்யப் போறோம்னு மேடையிலயே சொன்னார். 2025 ஜனவரில ஒரு மசோதா வந்துச்சு, கொண்டு வந்தவர் காங்கிரஸ் உறுப்பினர் ஜோ லோஃப்கிரன், அன்னிக்கு சோபாவ முன்ன நின்னு எதிர்த்தவங்க. அதுல பெரிய ஐஎஸ்பிகள் மட்டும் இல்லாம, வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல வருமானம் உள்ள பொது டிஎன்எஸ் சேவைகளும் வருது. 2014-ல மெயிலுக்குள்ள பேசின டிஎன்எஸ் இப்ப மசோதாவுலயே எழுத்துல இருக்கு, அத எதிர்க்கறதோ ஆதரிக்கறதோ செய்ய யாரோட மெயிலும் கசிய வேண்டியதில்ல.