சைட்டுக்கு ரேடியோ வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் டிரில்லைப் பாருங்கள்

பூச்சு வேலை நடக்கும் சைட்டில் பாட்டு இல்லாவிட்டால் பொழுது நகராது. பெரும்பாலும் மேஸ்திரியின் போன்தான் ரேடியோ. காலி பக்கெட்டுக்குள் போட்டால் சத்தம் கொஞ்சம் கூடும். யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடும், மதியத்துக்குள் சார்ஜும் தீர்ந்துவிடும். டூல்ஸ் பேட்டரியில் ஓடும் ரேடியோவை மகிட்டா, பாஷ், டிவால்ட் எல்லாம் விற்கிறார்கள். நல்ல பொருள்தான், பார்த்து வாங்கினால்.

கடைக்குப் போனவுடன் எல்லோரும் ஸ்பீக்கரைத்தான் தட்டிப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது பேட்டரி மாட்டும் இடத்தை. உங்களிடம் ஏற்கனவே கார்ட்லெஸ் டிரில் எந்தக் கம்பெனியுடையதோ, ரேடியோவும் அதே பேட்டரி வரிசையில் இருக்கட்டும். கம்பெனி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பாஷில் நீல நிற 18 வோல்ட் பேட்டரி பச்சை நிற மெஷினில் ஏறாது. மகிட்டாவின் 40 வோல்ட் பேட்டரி அவர்களுடைய 18 வோல்ட் மெஷினில் மாட்டாது. இன்னொரு பக்கம், டிவால்ட் பெட்டியில் இருக்கும் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்பதும் 18 வோல்ட்தான். 3.6 வோல்ட் செல் ஐந்து சேர்ந்தால் 18. முழு சார்ஜில் ஏறும் அளவைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

விலை குறைவாக இருந்தால் ‘பாடி மட்டும்’ விலையா என்று கேளுங்கள். பல மாடல்களின் பெட்டியில் பேட்டரியும் இருக்காது, சார்ஜரும் இருக்காது. ஆனால் கையில் 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இருந்தால் 90 வாட்-அவர் இருக்கிறது என்று அர்த்தம். ரேடியோ சராசரியாக 5 வாட் இழுத்தால் 18 மணி நேரம், அதாவது இரண்டு நாள் வேலை. அடாப்டரைச் சொருகினால் உள்ளே இருக்கும் பேட்டரியும் சார்ஜ் ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். சில மாடல்களில் ஆகும், பலவற்றில் ஆகாது.

அடுத்தது வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்வது. இதில் நானே மாட்டினேன். மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். அடாப்டரில் 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தது, நம் ஊர் 230 வோல்ட்டில் சொருக முடியாது. சரி, பேட்டரியில் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானமானேன். அப்புறம்தான் தெரிந்தது, அங்கே எஃப்.எம். நிலையங்கள் 98.1, 98.3 என்று ஒற்றைப்படையிலேயே முடியும்; ரேடியோவும் அப்படியே தாவுகிறது. சென்னையில் 98.3 தெளிவாக வந்தது. ஆகாசவாணியின் ரெயின்போ 101.4, ஹலோ எஃப்.எம். 106.4 இரண்டுக்கும் கரகரப்புதான் மிச்சம். மத்திய அலையிலும் (மீடியம் வேவ்) இதே கதை. அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, நம் ஊரில் 9. திருச்சி வானொலியின் 936-ஐப் பிடிக்கப் போனால் 930-லோ 940-லோ போய் நிற்கும். நாட்டை மாற்றிக்கொள்ளும் வசதி மெனுவில் இருந்தால் தப்பித்தீர்கள். என்னுடையதில் இல்லை.

ஐரோப்பாவிலிருந்து வருவதில் டிஏபி என்ற டிஜிட்டல் ரேடியோ வசதிக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். நார்வேயில் தேசிய நிலையங்கள் 2017-லேயே எஃப்.எம்.மை விட்டு அதற்குப் போய்விட்டன, அங்கே அது தேவை. இங்கே டிஏபி ஒலிபரப்பே கிடையாது.

தூசி, தண்ணீர் விஷயத்தில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வார்த்தையை நம்பாமல் ஐபி எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 54 என்றால் தூசி கொஞ்சம் புகலாம், தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 65 என்றால் தூசி புகாது, குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். கிரானைட் வெட்டும் இடத்தில் முதல் இலக்கம் 6 இருப்பது நல்லது. பேட்டரி மூடி சரியாகச் சாத்தியிருந்தால்தான் இந்தக் கணக்கு. அடாப்டர் சொருகியிருக்கும்போது பல மாடல்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. கான்கிரீட் இறுக கியூரிங் தண்ணீர் அடிக்கும்போது ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.

சத்தத்துக்காக வாங்குவதுதான் எனக்குப் பிடிக்காத தவறு. சத்தத்தை ஊதிப் பெரிதாக்கிக் காட்டிய ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ ஸ்டிக்கர் காலம் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆசை இன்னும் போகவில்லை. ஆங்கிள் கிரைண்டர் 100 டெசிபல் அளவுக்குக் கத்தும். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷின் கணக்குப்படி அந்தச் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் காது வைக்கலாம். அதையும் மிஞ்சப் பாட்டு வைத்தால் காதுக்குத்தான் கேடு, சாரத்தின் மேலிருந்து ‘தள்ளு, தள்ளு’ என்று கத்துவதும் கீழே கேட்காது. கிரேன் ஓடும் இடத்தில் ரேடியோவே வேண்டாம்.

சிக்னல் சரியில்லை என்று ரேடியோவைத் திட்டுவதற்கு முன் வைத்த இடத்தைப் பாருங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குள் எஃப்.எம். தேயும். ஜன்னல் திறப்பில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இழுத்து நீட்டும் ஆன்டெனா சுமார் 75 சென்டிமீட்டர் இருந்தால் நன்றாக இழுக்கும். குட்டை ரப்பர் ஆன்டெனா உடையாது, ஆனால் பிடிப்பு குறைவு. வெல்டிங் நடக்கும்போது மத்திய அலையை மறந்துவிடுங்கள், இரைச்சல்தான் வரும்.

கடிகாரமும் சேமித்த நிலையங்களும் மறக்காமல் இருக்கப் பல மாடல்களில் தனியாக இரண்டு பென்சில் செல் போடுவார்கள். ஒரு சைட் முடிந்து ரேடியோவை குடோனில் போடும்போது அவற்றைக் கழற்றிவிடுங்கள். ஒழுகினால் உள்ளே இருக்கும் தகடு பச்சையாகி அரித்துவிடும். மச்சான் கொண்டுவந்தது கடைசியில் அப்படித்தான் போனது.