வீட்டுல ஆபீஸ் ரூம் போடப்போறீங்களா? முதல்ல வெயிலைப் பாருங்க, அப்புறம் டேபிள் பாக்கலாம்

மே மாசம் மத்தியானம் மூணு மணிக்கு அந்த ரூம் எப்படி இருக்கும்னு தெரியாம அதுல ஒரு சேர் கூட வாங்கிப் போடாதீங்க. வீட்டுல இருந்தே வேலை பாக்கப் போறேன்னு சொல்ற எல்லார்கிட்டயும் நான் முதல்ல சொல்றது இதுதான். போட்டோல பாக்குற ஹோம் ஆபீஸ் எல்லாம் ஜன்னலை ஒட்டி டேபிள், டேபிள் மேல ஒரு செடி, பின்னாடி வால்பேப்பர்னு அழகா இருக்கும், ஆனா அதுல பாதி குளிர் ஊர்ல எடுத்த படம், அங்க வெயில் உள்ள வரணும்னு ஏங்குவாங்க, நமக்கு அது உள்ள வராம இருந்தாலே பெரிய விஷயம்.

நான் சின்னக் கடைகளுக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி ஃபைல் பண்ற வேலை பாக்குறேன். 2020 மார்ச் கடைசியில லாக்டவுன் போட்டதுல இருந்து வீடுதான் ஆபீஸ். வேளச்சேரியில வாடகை வீடு, ரெண்டாவது மாடி, சின்ன ரூம்ல மேற்குப் பாத்த ஜன்னல். காலைல பாத்தா அவ்வளவு நல்லா இருந்துச்சு, வெளிச்சமும் இருக்கு, குளுகுளுன்னும் இருக்குன்னு டேபிளை அப்படியே ஜன்னலுக்கு நேரா போட்டுட்டேன். ஏப்ரல் பாதியிலயே தெரிஞ்சுபோச்சு. மூணு மணிக்கு ஸ்கிரீன்ல ஒரு எழுத்து தெரியாது, லேப்டாப் ஃபேன் விடாம இரைஞ்சுகிட்டே இருக்கும், ராத்திரி ஒன்பது மணிக்கு சுவத்துல கை வச்சாக்கூட சுடும். சரின்னு கனமான டார்க் கலர் ஸ்கிரீன் துணி வாங்கி மாட்டினேன், வெளிச்சம் போச்சு, சூடு போகல. ஏன்னா வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்துடுச்சுன்னா அந்தச் சூடு ரூமுக்குள்ளதான் இருக்கும், அதை உள்பக்கம் துணி போட்டு மறைச்சு பெருசா பிரயோஜனமில்ல, கண்ணாடிக்கு வெளிய தடுக்கணும். பால்கனி கம்பியில மூங்கில் தட்டி இல்லைன்னா அந்த பச்சை ஷேட் நெட் கட்டினாலே ரூம் வேற ரூம் ஆயிடும். வெட்டிவேர் தட்டியில தண்ணி தெளிக்கிறது மதுரை, வேலூர் மாதிரி வறண்ட காத்து அடிக்கிற ஊர்ல நல்லா எடுபடும், சென்னையில காத்துலயே ஈரம் இருக்கிறதால அந்த அளவுக்கு குளிராது, அதுக்குன்னு செலவு பண்ண வேண்டாம்.

டேபிளை ஜன்னலுக்கு நேரா போடுறதும் தப்பு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காருறதும் தப்பு. நேரா இருந்தா கண் கூசும், முதுகு காட்டினா ஸ்கிரீன்ல ஜன்னல் பளபளன்னு தெரியும், வீடியோ மீட்டிங்ல உங்க முகம் கருப்பு நிழலாத்தான் தெரியும். ஜன்னல் பக்கவாட்டுல இருக்கணும், வலது கையால எழுதுறவங்களா இருந்தா இடது பக்கம் இருந்தா இன்னும் நல்லது, கை நிழல் பேப்பர் மேல விழாது. வாஸ்துப்படி கிழக்குப் பாத்துத்தான் உக்காருவேன்னா தாராளமா உக்காருங்க, அப்ப ஜன்னல் எங்க வருதுன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி ரூமை மாத்திக்கோங்க.

அடுத்தது டேபிள் உயரம். இதைத்தான் யாருமே பாக்குறதில்ல. டைனிங் டேபிள் எல்லாம் ஏறக்குறைய 30 இன்ச் உயரம் இருக்கும், நான் அஞ்சடி ரெண்டு இன்ச். ரெண்டு வருஷம் அதுல டைப் பண்ணி தோள்பட்டை ரெண்டும் காதுக்கிட்ட தூக்கிக்கிட்டே இருந்து, கழுத்துல இருந்து விரல் நுனி வரைக்கும் சுள்ளுன்னு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. மாவு கரைக்கவே கை வராது. பழைய மர டேபிள் ஒண்ணு இருந்துச்சு, அதை ரிப்பேர் பண்ண வந்த ஆசாரி அண்ணன்தான் சொன்னார், "நீங்க எப்பவும் உக்காருற மாதிரி உக்காருங்கம்மா, முழங்கையை மடக்குங்க"ன்னு. தரையில இருந்து முழங்கைக்கு டேப் வச்சுப் பாத்தார், இருபத்தஞ்சரை இன்ச். "உங்களுக்கு இருபத்தாறு போதும், இது முப்பது இருக்கு, நாலு இன்ச் அறுத்துடட்டுமா?"ன்னு கேட்டார். எனக்கு மனசே வரல, மாமனார் காலத்து டேபிள். "அறுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். நாலு மரத்துண்டையும் வரிசையா வச்சுட்டுப் போனார், அன்னைக்கு சாயங்காலம் அந்த டேபிள்ல கை வச்சப்ப தோள் தானா இறங்குச்சு, அதை இப்ப நினைச்சாலும் அழுகை வருது, ரெண்டு வருஷம் வலியைப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்கேன் வெறும் நாலு இன்ச்சுக்காக.

அறுக்க முடியாத டேபிளா இருந்தா சேரை உயர்த்திக்கோங்க, ஆனா அப்ப கால் அந்தரத்துல தொங்கும், தொடைக்கு அடியில அழுத்தி கால் மரத்துப்போகும், அதனால காலுக்குக் கீழ ஒரு மணை போட்டுக்கணும். டேபிள் பலகைக்கு அடியில டிராயர் வச்சது வாங்காதீங்க, தொடை இடிக்கும். கண்ணாடி டேபிள் பாக்க நல்லாத்தான் இருக்கும், சாதாரண மவுஸ் அதுல ஒழுங்கா ஓடாது, மேல இருக்கிற லைட் அப்படியே கண்ணுல அடிக்கும். லேப்டாப்பை மட்டும் வச்சுக்கிட்டு குனிஞ்சு பாக்குறவங்க ரெண்டு தடிமனான புஸ்தகத்து மேல அதை ஏத்தி வச்சு, தனியா ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்கிட்டா போதும், ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா வரணும், கையை நீட்டினா தொடுற தூரத்துல இருக்கணும்.

சேர் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, ரெக்சின் போட்ட கேமிங் சேர் நம்ம ஊர் வேர்வைக்கு ஆகாது. முதுகு நனைஞ்சு ஒட்டும், கொஞ்ச வருஷத்துல தோல் உரிஞ்சு துணியெல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். முதுகுப்பக்கம் வலை வச்சதா வாங்குங்க.

கரண்ட் விஷயத்தை மட்டும் தயவுசெஞ்சு அலட்சியமா விடாதீங்க. மெட்டல் பாடி லேப்டாப்பை சார்ஜ்ல போட்டுட்டு மேல கை வச்சா சிலருக்கு ஜிவ்வுன்னு ஒரு மாதிரி இருக்கும், எறும்பு ஊர்ற மாதிரி, வெறும் கால் தரையில இருந்தா இன்னும் நல்லா தெரியும். லேப்டாப்தான் ரிப்பேர்னு பல பேர் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போறாங்க. நிறைய வீட்டுல காரணம் அது இல்ல, எர்த் இல்லாதது. மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல சொருகியிருப்பீங்க, இல்லைன்னா அந்த சுவிட்ச் பாயிண்டுக்கு எர்த் ஒயரே வந்திருக்காது. சார்ஜர்ல இருந்து கசியுற கொஞ்சூண்டு கரண்ட் போக வழியில்லாம உங்க கை வழியா இறங்குது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயிண்டை செக் பண்ணச் சொல்லுங்க, வீட்டுல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைனை கட் பண்ற சுவிட்ச், இருக்கான்னும் கேட்டுக்கோங்க, குழந்தைங்க இருக்கிற வீட்டுல இது கட்டாயம் வேணும். அப்புறம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் போட்டுட்டு அதுலயே அயர்ன் பாக்ஸையும் சொருகுறது. 6 ஆம்ப்னு போட்டிருந்தா மொத்தமா 1380 வாட்ஸ்தான் தாங்கும், அயர்ன் பாக்ஸ் ஒண்ணே 1000 வாட்ஸ் இழுத்துடும்.

கரண்ட் போனா லேப்டாப் பேட்டரில ஓடும், நெட் போயிடும். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுலயும் இது நடக்குது, ஏன்னா மோடம் சொருகியிருக்கிற பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் லைன் குடுத்திருக்க மாட்டாங்க. பெரிய யூபிஎஸ் எல்லாம் வேண்டாம், மோடத்துக்குன்னே சின்ன யூபிஎஸ் விக்குது. உங்க அடாப்டர்ல 12 வோல்ட்டா, எத்தனை ஆம்ப்னு பாத்து அதுக்குச் சரியா வாங்கணும். ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரும் தனித்தனியா இருந்தா ரெண்டுக்குமே கரண்ட் வேணும், அதையும் மறந்துடாதீங்க. ரவுட்டர் பாக்க அசிங்கமா இருக்குன்னு டிவிக்குப் பின்னாடியோ அலமாரிக்குள்ளயோ ஒளிச்சு வச்சுட்டு சிக்னல் வரலன்னு கம்பெனிக்காரனுக்கு போன் போட்டு புண்ணியமில்ல, வெளிய உயரமா வைங்க, முடிஞ்சா டேபிள் வரைக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்துடுங்க.

லைட் விஷயத்துல நம்ம வீடுகள்ல பாதியில, முதுகுக்குப் பின்னாடி ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின்னா வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு, எண் குறையக் குறைய மஞ்சளா இருக்கும்). நம்ம நிழலே பேப்பர் மேல விழும். சீலிங்ல ஃபேன் இறக்கைக்கு மேல லைட் வச்சிருந்தா இன்னும் மோசம், ஃபேன் சுத்தச் சுத்த வெளிச்சம் படபடன்னு வெட்டும், சாயங்காலம் தலைவலி ஏன் வருதுன்னே தெரியாது. 4000 கெல்வின்ல ஒரு டேபிள் லேம்ப் வாங்கி எழுதுற கைக்கு எதிர்ப்பக்கம் வச்சா போதும்.

இப்ப அலங்காரம். தளம் ஒழுகுற, ஓதம் ஏறுற சுவத்துல வால்பேப்பர் ஒட்டாதீங்க, ஐப்பசி கார்த்திகை மழை ஒண்ணு போதும், உப்பி உரிஞ்சு பின்னாடி பூஞ்சை பிடிச்சு நாறும். பார்ட்டிகிள் போர்டுல, அதாவது மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகையில பண்ணின டேபிள், ஷெல்ஃபை நேரா தரையில வைக்காதீங்க, தினமும் மாப் போடுற தண்ணி அடியில ஏறி கால் ஊதிடும், ரப்பர் புஷ் போடுங்க.

செடியைப் பத்தி கொஞ்சம் கூடுதலா சொல்லணும். கண்ணாடி பாட்டில்ல தண்ணி ஊத்தி மணி பிளான்ட் வைக்கிறது இப்ப எல்லா டேபிள்லயும் இருக்கு. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு இந்த மாதிரி சுத்தமான தண்ணி தேங்குற இடத்துல முட்டை போடும், பெரும்பாலும் பகல்லதான் கடிக்கும், நீங்க எட்டு மணி நேரம் காலை அசைக்காம உக்காந்திருக்கிறதும் பகல்லதான். வாரம் ஒரு தடவை தண்ணியை மாத்துறது மட்டும் போதாது, முட்டை பாட்டிலோட உள் சுவத்துல ஒட்டியிருக்கும், தேய்ச்சுக் கழுவணும். முடியாதுன்னா மண்ணுலயே வைங்க, கீழ வைக்கிற தட்டுல தண்ணி தேங்காம பாத்துக்கோங்க. என் தம்பி பொண்ணு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்ததைப் பாத்ததுல இருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண்ணு முதல்ல அந்த பாட்டிலுக்குத்தான் போகுது.

டைல்ஸ் போட்ட காலி ரூம்ல பேசினா குரல் கணகணன்னு எதிரொலிக்கும், அந்தப் பக்கம் கேக்குறவங்களுக்குப் பாதி புரியாது. அதுக்கு ஃபோம் எல்லாம் வாங்கி ஒட்ட வேண்டாம், தரையில ஒரு பவானி ஜமக்காளம் விரிச்சு, எதிர் சுவத்துல இன்னொண்ணு தொங்கவிட்டா எதிரொலி நல்லா குறையும், பாக்கவும் எவ்வளவு லட்சணமா இருக்கும் தெரியுமா, அந்த சிவப்பும் பச்சையும்.

கடைசியா வீட்டு மனுஷங்க. ரூமை ரெடி பண்ணிட்டு யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு மட்டும் சொல்லிட்டா அது நடக்காது. மாசக் கடைசியில ஒரு நாள் மீட்டிங் நடுவுல அத்தை கதவைத் திறந்துட்டு வந்துட்டாங்க, நான் கொஞ்சம் கடுப்பாயிட்டேன். அப்புறம் அவங்க பொறுமையா கேட்டாங்க, "நீ பேசிட்டு இருக்கியா, சும்மா பாத்துட்டு இருக்கியான்னு வெளிய இருந்து எனக்கு எப்படிம்மா தெரியும்?" நியாயமான கேள்வி. இப்ப மீட்டிங்னா கதவுக் கைப்பிடியில ஒரு சிவப்புத் துண்டு கட்டிடுவேன், முடிஞ்சதும் அவுத்துடுவேன். அவுத்த அஞ்சாவது நிமிஷம் அத்தை காபியோட வந்துடுவாங்க.