அறுவை அரங்கின் மானிட்டர் திரையை எளிமையாக்கிய என் அனுபவம்

அறுவை அரங்கு மானிட்டருக்காக நான் வடிவமைத்த முதல் திரையில் இதயத் துடிப்பு, ஆக்சிஜன் செறிவு, ரத்த அழுத்தம் ஆகிய எண்கள் யாவும் ஒரே அளவில், ஒரே வெள்ளை நிறத்தில் இருந்தன. மேசையில் அமர்ந்து பார்த்தபோது அது அழகாகவே தெரிந்தது. ஆனால் அரங்கின் ஓரத்தில் நின்று கவனித்த அன்று, நோயாளியின் தலைமாட்டில் இரு கைகளாலும் முகமூடியைப் பிடித்திருந்த மயக்கவியல் மருத்துவர், திரும்பிப் பார்க்கக் கிடைத்த ஒரு நொடியில், 88 என்பது துடிப்பா செறிவா என்று பிரித்தறிய முடியாமல் கண்களைச் சுருக்கியதைக் கண்டேன். துடிப்பு 88 என்றால் கவலையில்லை. செறிவு 88 என்றால் உடனே செயல்பட வேண்டும். அந்தக் காட்சி என்னை மிகவும் உறுத்தியது.

அவ்விரு எண்களையும் பெரிதாக்கி, அவற்றுக்குரிய அலைக்கோடுகளின் வலப்பக்கத்தில், அதே நிறங்களில் வைத்தேன். அடுத்த சிக்கல் சிவப்பு. தமனி அழுத்த அலைக்கோடு பெரும்பாலும் சிவப்பில்தான் வரும். மருத்துவக் கருவிகளின் எச்சரிக்கைகளுக்கான ஐஈசி 60601-1-8 என்ற பன்னாட்டுத் தரநிலைப்படி உயர் முன்னுரிமை எச்சரிக்கைக்கும் சிவப்பே நிறம். ஆகவே எச்சரிக்கையின்போது எண்ணின் பின்புலம் முழுவதும் சிவந்து, வினாடிக்கு இருமுறை மின்னுமாறு செய்து, மற்ற நேரங்களில் திரையில் எதுவுமே மின்னாதபடி பார்த்துக்கொண்டேன்.

ஒலியை மட்டும் நான் தொடவில்லை. செறிவு குறையக் குறைய, ஒவ்வொரு துடிப்புக்கும் மானிட்டர் எழுப்பும் ஒலியின் சுருதி தாழ்வதைக் கேட்டே, திரையைப் பாராமலேயே மருத்துவர்கள் நிலைமையை உணர்கிறார்கள்.

எச்சரிக்கையொலியைச் சற்று நேரம் அடக்கும் பொத்தானையும் முற்றிலும் நிறுத்தும் பொத்தானையும் அருகருகே வைத்திருந்தது என் பெரும்பிழை. இப்போது முகப்புத் திரையில் அடக்கும் பொத்தான் மட்டுமே, கையுறை அணிந்த விரலுக்கு ஏற்ற அகலத்தில் இருக்கிறது.