உப்புக்காற்றில் ஊமையான வாள்

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். ராமேஸ்வரத்தில் மகனுக்கு வாங்கிய பொம்மை வாள் மூன்றே மாதத்தில் ஊமையாகிவிட்டது. விளக்கும் எரியவில்லை. புது பட்டன் பேட்டரி போட்டும் பலனில்லை.

கைப்பிடி ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரி ஸ்பிரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஸ்பீக்கருக்குப் போகும் முடி மாதிரியான ஒயர், தொட்டதும் கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, சிப்பை மூடியிருக்கும் கறுப்புப் பொட்டு தப்பியிருந்தது.

அதிலிருந்த எல்ஆர்44 பட்டன் பேட்டரி மூன்று சேர்ந்தால் 4.5 வோல்ட். ட்ரிபிள் ஏ எனும் ஒல்லியான பென்சில் பேட்டரி மூன்றும் அதே 4.5தான், ஆனால் பல மடங்கு உழைக்கும். சரி, அதற்கே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் கவனம் வேண்டும். இந்த வாளில் எல்இடி விளக்குக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரே இல்லை. பட்டன் செல்லால் அதிக மின்னோட்டம் தர முடியாது என்பதால் இத்தனை நாள் அது பிழைத்திருந்தது. ட்ரிபிள் ஏ-யை நேராகக் கொடுத்தால் கருகிவிடும். சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும், மீதி 2.5 வோல்ட்டைத் தாங்க 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்தேன். 17 மில்லி ஆம்பியர்தான் போகும்.

பேட்டரி பெட்டி கைப்பிடிக்குள் நுழையவில்லை, அடியில் வைத்து டேப் சுற்றினேன். அப்புறம், ஒயர்களைப் பற்றவைத்த இடத்திலெல்லாம் உப்புக்காற்று படாமல் நெயில் பாலிஷ் பூசினேன். மகன் ஓங்கி வீசினான்; சிவப்பாக மின்னி, சத்தமும் வந்தது.