வீட்டில் ஜப்பானியம்: நாங்கள் இடறிய இடங்கள்

மகளுக்கு எட்டு வயதானபோது இருவரும் சேர்ந்து ஜப்பானிய மொழி படிக்க உட்கார்ந்தோம். ஆங்கிலப் பாடநூலை விரித்து, ‘இந்த மொழியில் வினைச்சொல் கடைசியில்தான் வரும்’ என்று பெரிய ரகசியம் போலச் சொன்னேன். “நாமளும் அப்படித்தானேப்பா பேசுறோம்?” என்றாள்.

தமிழை ஓரமாக வைத்துவிட்டு ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போனதுதான் என் முதல் தவறு, பெரிய தவறும்கூட. அந்தப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கியதில் பாதி அவள் பேச்சிலேயே இருந்தது. ‘சென்னை நி இக்கிமசு’ என்றால் சென்னைக்குப் போகிறேன். நம் ‘கு’ உருபு நிற்கும் இடத்தில் ‘நி’ நிற்கிறது. ‘யத்தெ மிரு’ என்பது செய்து பார்ப்பது. ‘மிரு’ தனியாக வந்தாலும் பார்ப்பதுதான். ‘மொத்தெ குரு’ என்றால் கொண்டு வருவது. இப்படித் தமிழோடு பொருத்திக் காட்டினால் விதி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்: சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறாள், சாப்பிடுகிறார்கள் எல்லாமே அங்கே ‘தபெமசு’. யார் என்பதைப் பேச்சின் போக்கிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பார்த்து இரண்டும் ஒரே மொழிக்குடும்பம் என்று பிள்ளையிடம் அளந்துவிடவும் வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.

அப்புறம் எழுத்து. ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதிப் படிக்க வைத்தேன். சில விஷயங்களுக்கு அது நல்லதுதான். ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி; குறில் நெடில் பழகிய பிள்ளைக்கு இதில் குழப்பமே வராது. ஆனால் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் தமிழில் ‘கின்’ என்றுதான் எழுத முடியும். வெள்ளிக்குக் ‘கங்கை’யின் முதல் ஒலி, தங்கத்துக்குக் ‘கண்’ணின் முதல் ஒலி. பல்கலைக்கழகத்துக்கான சொல்லின் முதல் ஒலியை ‘தீபம்’ போலச் சொல்லாமல் ‘தம்பி’ போலச் சொன்னால் ‘படிப்பைப் பாதியில் நிறுத்துவது’ என்று ஆகிவிடும். ஆகவே முதல் மாதத்திலேயே ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்துக்குப் போய்விடுங்கள். அடிப்படை எழுத்துகள் 46தான். உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கோ கேட்டது போல இருக்கிறதா? சமஸ்கிருத எழுத்து படித்த பௌத்தத் துறவிகள் வழியாக அங்கே போன ஒழுங்கு இது. ‘க’வின் மேல் மூலையில் இரண்டு சிறு கோடு போட்டால் ‘கங்கை’யின் ஒலி வந்துவிடும்.

கஞ்சியில் அவசரம் வேண்டாம். நான் சொல்வது சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்தை. குடிக்கிற கஞ்சி இல்லை. ஜப்பானில் முதல் வகுப்புப் பிள்ளைகளே ஆண்டு முழுக்கப் படிப்பது 80 எழுத்து. ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5 சான்றிதழைக் குறிவைத்து விரட்டுவதும் அப்படித்தான். அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது.

அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன்களிலிருந்து பேச்சு பழகுவது அடுத்த சிக்கல். எங்கள் வீட்டுக் குட்டி இணைய வகுப்பில் ஆசிரியையை ‘ஒமஎ’ என்று அழைத்துவிட்டாள். கிட்டத்தட்ட ‘ஏய், நீ’. சரி, மரியாதையாக ‘அனத்த’ என்று சொல்லிக்கொடுக்கலாம் என்றால் அதுவும் தப்பு. பெரியவர்களை யாரும் அப்படி அழைப்பதில்லை. ஆசிரியர் என்றால் ‘சென்செய்’, மற்றவர்களுக்குப் பெயரோடு ‘சன்’. தன் பெயரோடு மட்டும் ‘சன்’ சேர்க்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைக்கு இது ஒரு நாளில் புரிந்துவிடும்.

பண்பாடு என்றதும் கிமோனோ படத்துக்கு வண்ணம் தீட்ட வைத்தேன். அதில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒட்டியது பழக்கங்கள்தான். சாப்பிடும் முன் ‘இததக்கிமசு’ சொல்வது, சோற்றில் சாப்பிடும் குச்சியை நட்டு வைக்காமல் இருப்பது. அங்கே இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள் என்றதும் சட்டென்று எடுத்துவிட்டாள்.

இப்போது பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ‘இத்தெ கிமசு’ என்கிறாள். சொல்லுக்குச் சொல், போயிட்டு வரேன். வெறும் ‘போறேன்’ என்றால் திட்டும் என் அம்மா, ஜப்பானியம் ஒரு எழுத்தும் தெரியாமல், உள்ளே இருந்தபடியே “போயிட்டு வா” என்கிறார்.